ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லை

ஞாயிறு காலை ஆறுக்கே திலகர் திடலில் இருக்க வேண்டும்.
காதர் மீரான் சாக்கை உதறுவான்:
ரிமோட், துருப்பிடித்த கத்திரி, ஒரு பல்செட்டு,
அதற்கடியில் என் சாமான்.
"ஓடாதுக்கா, பிள்ளைகளுக்கு வெளாடக் குடுங்க."
நான் புரட்டி முதுகைப் பார்ப்பேன்.
எஃகு மூடியில் ஜப்பான் என்று குத்தியிருந்தால்
முகத்தில் எதுவும் காட்டக் கூடாது.
மின்வாரிய வேலை அதைப் பழக்கியிருக்கிறது.

வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவள் நான்.
ஆனையூர், கூடல் நகர்.
ஏழு கோடும் எரிந்தால் எட்டு,
நடுக்கோடு செத்தால் பூஜ்யம்.
அந்த ஒரு கோட்டுக்காக
ஒரு தெருவே என்னோடு சண்டை போட்டிருக்கிறது.

வீட்டில் முப்பத்தேழு இருக்கின்றன,
செய்கோ, சிட்டிசன், பெரும்பாலும் கேசியோ.
யாருடையதோ வியர்வை உப்பைப்
பழைய பல்குச்சி பிரஷ்ஷால் தேய்த்தெடுப்பேன்.
பட்டை, எடுக்கும்போதே அப்பளமாய் நொறுங்கும்.
மணிக்கொரு தரம் அலமாரி கீச்சிடும்,
ஒன்று முடிந்து ஒன்று, ஏழெட்டு நொடி தள்ளி.
"இன்னும் எத்தனை பன்னிரண்டு" என்று
வீட்டுக்காரர் புரண்டு படுப்பார்.

போன சித்திரையில் ஒன்று கிடைத்தது,
போன் நம்பர் சேர்த்து வைக்கிற ரகம்.
உயிர் இருந்தது, வடிகஞ்சியில் எழுதின மாதிரி.
பொத்தானை அமுக்க அமுக்க
ஐந்து பேர் வந்தார்கள்.
பேருக்கு ஆறு இங்கிலீஷ் எழுத்துதான் இடம்.
பொன்னுத்.
தாயா, துரையா, கடிகாரத்துக்குக் கவலையில்லை.
லாட்ஜ். பால். மில்.
இன்னொன்று.

பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் போய்விடும்.
ரீடிங் தாளின் பின்பக்கம்
ஐந்தையும் எழுதிக்கொண்டேன், பழகின கை, பிசகில்லாமல்.
பிறகு சாமணத்தால் நெம்பினேன்.
திரை வெளுத்தது.
ஜனவரி ஒன்று, மணி பன்னிரண்டு என்றது,
இப்போதுதான் பிறந்ததுபோல.

மூன்று ஞாயிறு கழித்து
காதர் மீரான் என்னை நோக்கிக் கை நீட்டினான்.
அறுபதைத் தாண்டின அம்மா ஒருவர், மடக்குக் குடையோடு.
"வாட்ச் வேணாம்மா.
அவுக வீட்டாளுக போட்டது, எனக்குப் பாத்தியதை இல்ல.
உள்ள என் நம்பர் இருக்கும்.
என்ன பேருல வச்சிருந்தாருன்னு மட்டும் சொல்லு.
பேட்டரி மாத்துனா அழிஞ்சு போகுமாம்ல,
ஒவ்வொரு வாட்டியும் உக்காந்து திரும்ப அடிப்பாரு.
எட்டிப் பாத்தா மூடிக்குவாரு."

தாளை நீட்டினேன்.
மூன்றாவது வரியில் விரல் நின்றது.
"இந்தா, இதுதான். பக்கத்துல பேரு?"

எண்ணை மட்டும்தான் எழுதியிருந்தேன்.
இருபத்தொரு வருஷமாக
எண்ணை மட்டும்தான் எழுதுகிறேன்.

உங்கள் பேர் என்றேன். தவமணி என்றார்.
ஆறு எழுத்தில் வெட்டினால் தவம்.
அது இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.
பொன்னுத் என்று ஒன்று இருந்தது என்றேன்.
"அது அவரு தங்கச்சி."
மில், லாட்ஜ், பால்.
"அப்புறம்?"
அப்புறம் ஒன்று. வரவில்லை.

குடையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.
காதர் மீரான் யாவாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தான்.
"லாட்ஜுனு வச்சிருந்தா செவுள்ல விட்டிருப்பேன்.
பாலுன்னா சரிதான்.
விடியக்காலம் அஞ்சரைக்குத்தான் போன் வரும்."

நான் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.
காதில் வைத்துப் பார்த்தார்.
இதில் ஏது சத்தம்.
"மணிதான இருக்கு இப்ப" என்று
என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தார்.

தாளை மட்டும் கேட்டார்.
முன்பக்கம் கூடல் நகர் நாலாவது தெருவின் ரீடிங்,
முப்பத்தொரு வீடு.
மடித்து அவர் பர்சில் வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
திங்கட்கிழமை அந்தத் தெருவுக்கு
மறுபடி நடந்தேன்.